கடலை கடிபடும் பீனட் பட்டர் ஐஸ்கிரீம்: முதன்முறை செய்பவர்களுக்கு

பீனட் பட்டர் ஐஸ்கிரீமை முதல் தடவை சாப்பிடும் பலர் இரண்டு கரண்டியிலேயே "திகட்டுது" என்று கிண்ணத்தைத் தள்ளி வைத்துவிடுகிறார்கள். அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வருத்தமாக இருக்கும். பெரும்பாலும் அவர்களுக்குக் கிடைத்தது உப்புப் பத்தாத, கடலைத் துண்டுகள் ஊறிப்போன, ஃப்ரீசரிலிருந்து எடுத்த கையோடு நீட்டிய ஐஸ்கிரீமாக இருக்கும். நன்றாகச் செய்தது அப்படித் திகட்டாது. பாலேடு நாக்கில் கரையும், நடுவே லேசாக உப்புக்கரிக்கும் கடலை விழுது ஒரு கோடாக வந்து போகும், அப்புறம் பல்லில் ஒரு கடலை நறுக்கென்று உடையும். அந்த நறுக் இருக்கும்வரை கை அடுத்த கரண்டிக்குத் தானாகப் போகும். இந்தக் கட்டுரையில் நான் சொல்லப்போவதெல்லாம் அந்த நறுக்கைக் காப்பாற்றும் வழிகள்தான்.

இந்த ரகம் அமெரிக்காவில் வளர்ந்தது. கடலைத் துண்டு போட்ட பீனட் பட்டரை 1930களில் அங்கே பரவலாக்கியவர் ஜோசப் ரோஸ்ஃபீல்ட். எண்ணெய் பிரிந்து மேலே நிற்காத பீனட் பட்டரைச் செய்ய வழி கண்டவரும் அவரே. ஐஸ்கிரீமில் பெரிய பெரிய துண்டுகளைப் போடும் பழக்கத்துக்குப் பேர்போனவர்கள் பென் கோஹன், ஜெர்ரி கிரீன்ஃபீல்ட் என்ற இரண்டு நண்பர்கள். 1978இல் வெர்மாண்ட் மாநிலத்தின் பர்லிங்டன் ஊரில், பழைய பெட்ரோல் பங்க் ஒன்றைச் சீர்செய்து அவர்கள் கடை திறந்தார்கள். பென்னுக்கு மோப்பம் மிகவும் குறைவு. வாசனை தெரியாதவருக்குச் சுவையும் மங்கலாகத்தான் தெரியும். அதனால் அவர் வாயில் தட்டுப்படும் பதத்தை நம்பினார், துண்டுகள் பெரிதாக இருக்க வேண்டும் என்று பிடிவாதமாக நின்றார். எனக்கு இந்தக் கதை மிகவும் பிடிக்கும். ஐஸ்கிரீம் சாப்பிடும்போது நாம் எல்லோருமே ஓரளவுக்குப் பென்தான். குளிர்ச்சி நாக்கை மரத்துப்போக வைக்கிறது, வாசனையும் எழும்புவதில்லை. கடிபடும் துண்டு அங்கேதான் கைகொடுக்கிறது.

கடையில் வாங்குவதானால்

செய்யும் முன் ஒரு தடவை வாங்கிச் சாப்பிட்டுப் பார்க்க நினைத்தால், டப்பாவில் மூன்று விஷயங்களைப் பாருங்கள். வெறும் 'ஐஸ்கிரீம்' என்று எழுதியிருந்தால் அதில் குறைந்தது 10 சதவீதம் பால் கொழுப்பு இருக்க வேண்டும் என்பது நம் நாட்டு விதி. 'ஃப்ரோசன் டெசர்ட்' என்று எழுதியிருந்தால் பால் கொழுப்பின் இடத்தில் தாவர எண்ணெய் இருக்கிறது என்று அர்த்தம். அதுவும் சாப்பிடக்கூடியதுதான், ஆனால் கடலைக்குத் துணையாக நிற்கும் அந்தப் பால் மணம் அதில் வராது.

அடுத்து எடை. ஐஸ்கிரீமில் காற்றும் ஒரு பொருள். ஒரு லிட்டர் குறைந்தது 525 கிராம் எடை இருக்க வேண்டும் என்று விதி சொல்கிறது. அந்த அளவில் இருந்தால் டப்பாவில் ஏறக்குறைய பாதி காற்றுதான். ஒரே அளவு டப்பா இரண்டைக் கையில் தூக்கிப் பாருங்கள், கனமாக இருப்பது அடர்த்தியானது. கடைசியாக, சேர்மானப் பட்டியலில் வேர்க்கடலை அல்லது பீனட் பட்டர் எத்தனையாவது இடத்தில் வருகிறது என்று பாருங்கள். எடை அதிகமான பொருள்தான் முதலில் வரும். கடலை பட்டியலின் கடைசியில் எசென்ஸ்களுக்குப் பக்கத்தில் இருந்தால் அதை எடுக்க வேண்டாம்.

கடலையை வறுப்பது

சரி, இனி வீட்டுச் சமையலறை. தோலோடு இருக்கும் பச்சை வேர்க்கடலைப் பருப்பு 300 கிராம் எடுத்துக்கொள்ளுங்கள். விழுப்புரம், திருவண்ணாமலைப் பக்கம் இருப்பவர்களுக்கு இது மல்லாட்டை. மணிலாக்கொட்டை என்ற பெயர் மருவி அப்படி ஆனது. பெயரில் மணிலா இருந்தாலும் கடலைச் செடிக்குப் பூர்வீகம் தென்னமெரிக்கா. முதலில் கடலையைத் தட்டில் பரப்பிப் பொறுக்குங்கள். சுருங்கினது, கறுத்தது, பூஞ்சை பிடித்தது, கசப்பு வாடை அடிப்பது எல்லாவற்றையும் எறிந்துவிடுங்கள். இதில் சிக்கனம் பார்க்கவே கூடாது. பூஞ்சை பிடித்த கடலையில் அஃப்ளடாக்சின் என்ற நஞ்சு இருக்கலாம், அது வறுத்தாலும் முழுதாகப் போகாது.

கனமான இரும்புக் கடாயில், சிறு தீயில், கை விடாமல் கிளறி வறுக்க வேண்டும். 12 முதல் 15 நிமிடம் ஆகும். தீயைக் கூட்டினால் தோல் கருகும், உள்ளே பச்சையாக இருக்கும். சடசடவென்ற சத்தம் வந்து அடங்கத் தொடங்கும்போது ஒரு கடலையை எடுத்துத் தோலை நீக்கிப் பாருங்கள். சட்னிக்கு வறுப்பதைவிட ஒரு படி கூடுதலான நிறம் வேண்டும், உள்பக்கமும் வெளிர் பழுப்பாக மாறியிருக்க வேண்டும். குளிரில் வறுத்த மணம் பாதியாகத்தான் தெரியும் என்பதால் அந்தக் கூடுதல் படி தேவைப்படுகிறது. ஆனால் கடாயை இறக்கின பிறகும் சூட்டிலேயே கடலை இன்னும் சிவக்கும். ஆகவே சரியான நிறத்துக்குச் சற்று முன்பே தட்டில் கொட்டிப் பரப்பிவிடுங்கள்.

முழுக்க ஆறட்டும். சூடாக இருக்கும்போது கடித்துப் பார்த்து "மொறுமொறுப்பு வரலையே" என்று திரும்ப அடுப்பில் போடாதீர்கள். மொறுமொறுப்பு ஆறின பிறகுதான் வரும். ஆறியதும் ஒரு துணியில் போட்டுத் தேய்த்து, முறத்தில் புடைத்துத் தோலைப் போக்குங்கள். முறம் இல்லையென்றால் தட்டில் வைத்து ஊதினாலும் போதும். கொஞ்சம் தோல் ஒட்டியிருந்தால் பரவாயில்லை.

இதிலிருந்து 80 கிராம் கடலையைத் துண்டுக்காகத் தனியே எடுத்து வையுங்கள். மீதி விழுதுக்கு.

விழுது அரைப்பது

மிக்ஸியின் சின்ன ஜார் நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும். ஒரு சொட்டுத் தண்ணீர் கூட விழுதை இறுகிப்போக வைத்துவிடும். கடலை முதலில் பொடியாகும், பிறகு கட்டியாகி ஓரத்தில் ஒட்டும். இங்கேதான் புதிதாகச் செய்பவர்கள் பயந்து தண்ணீரோ பாலோ ஊற்றிவிடுகிறார்கள். வேண்டாம். ஓரத்தை வழித்துவிட்டு விடாமல் அரையுங்கள். கடலையில் கிட்டத்தட்ட பாதி எண்ணெய்தான், அது வெளியே வந்ததும் விழுது தானாக இளகிப் பளபளக்கும். அரை நிமிடத்துக்கு ஒருமுறை நிறுத்தி மிக்ஸியை ஆறவிடுங்கள். எல்லாம் சேர்ந்து பத்து நிமிடத்தில் முடிந்துவிடும். ரொம்பவும் இறுகி நின்றால் செக்கில் ஆட்டிய கடலெண்ணெய் இரண்டு டீஸ்பூன் ஊற்றலாம். மணமும் கூடும்.

கடையில் வாங்கின பீனட் பட்டரும் போதும். கடலையும் உப்பும் மட்டும் உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள். எண்ணெய் மேலே பிரிந்து நின்றால் அது குறையல்ல, நன்றாகக் கலக்கிக்கொண்டால் சரியாகிவிடும். அமெரிக்காவில் பீனட் பட்டர் என்று விற்க வேண்டுமானால் அதில் 90 சதவீதமாவது கடலை இருக்க வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. வாங்கும்போது அந்த 90 என்ற எண்ணை மனதில் வைத்துக்கொண்டு பின்பக்கத்தைப் படித்தால் நல்லது.

துண்டுகள்

இந்த ஒரு வேலையில் மட்டும் அவசரப்படாதீர்கள். எடுத்து வைத்த 80 கிராம் கடலையை மிக்ஸியில் போடக் கூடாது. பாதி மாவாகிவிடும். சுத்தமான துணியில் முடிந்து, பூரிக்கட்டையால் மெல்லத் தட்டுங்கள். கடலை இரண்டாகவும் நான்காகவும் உடைந்தால் போதும். பிறகு சல்லடையில் சலித்து, கீழே விழும் பொடியை விழுதோடு சேர்த்துவிடுங்கள். பொடி ஐஸ்கிரீமில் கலந்தால் மணல் கடிபடுவது போல இருக்கும்.

முதன்முறை செய்தபோது நான் வறுத்த கடலையை அப்படியே ஐஸ்கிரீமில் கொட்டிக் கலந்தேன். அன்று இரவு அருமையாக இருந்தது. இரண்டாம் நாள் எடுத்துச் சாப்பிட்டபோது கடலை அவித்த கடலை மாதிரி மெத்தென்று ஆகியிருந்தது. வறுத்த கடலையில் ஈரமே இருக்காது, ஐஸ்கிரீமில் உறையாமல் நிற்கும் சர்க்கரைத் தண்ணீரை அது மெல்ல உறிஞ்சிக்கொள்கிறது. அதைத் தடுக்க ஒரு கொழுப்புப் போர்வை வேண்டும். 50 கிராம் டார்க் சாக்லேட்டை வெந்நீர்ப் பாத்திரத்தின் மேல் வைத்து உருக்கி, அதில் துண்டுகளைப் புரட்டி, பட்டர் பேப்பரில் தனித்தனியாகப் பரப்பி ஃப்ரீசரில் பத்து நிமிடம் வைத்தால் சாக்லேட் ஓடு இறுகிவிடும். சாக்லேட் வேண்டாம் என்பவர்கள் ஒரு மேசைக்கரண்டி தேங்காய் எண்ணெயில் இரண்டு சிட்டிகை உப்புப் போட்டுப் புரட்டி, அதேபோல் உறைய வைக்கலாம். தேங்காய் எண்ணெய் குளிரில் கெட்டியாக நிற்பதால் இதற்குப் பொருத்தமானது. சாக்லேட் போர்த்திய கடலை என் வீட்டில் ஒரு வாரம் கழித்தும் நறுக்கென்றுதான் இருந்தது.

ஐஸ்கிரீம் கலவை

இதற்கு மிஷின் தேவையில்லை. மிஷின் செய்யும் வேலை இரண்டு: காற்றைச் சேர்ப்பது, பனித்துகள் பெரிதாகாமல் உடைப்பது. அடித்த கிரீம் காற்றைக் கொண்டுவந்துவிடும். கண்டன்ஸ்டு மில்க்கில் தண்ணீர் குறைவு, சர்க்கரை அதிகம், அதனால் பாறையாக உறையாது.

விப்பிங் கிரீம் 250 மில்லி, கண்டன்ஸ்டு மில்க் 200 கிராம், கடலை விழுது 110 கிராம், உப்பு கால் டீஸ்பூன், வெனிலா எசென்ஸ் அரை டீஸ்பூன், குளிர்ந்த பால் மூன்று மேசைக்கரண்டி. இவ்வளவுதான். கிரீம் வாங்கும்போது மட்டும் கவனம் தேவை. சமையலுக்கு வரும் ஃப்ரெஷ் கிரீமில் கொழுப்பு 25 சதவீத அளவில்தான் இருக்கும், எவ்வளவு அடித்தாலும் நிற்காது. 30 சதவீதத்துக்கு மேல் பால் கொழுப்புள்ள விப்பிங் கிரீம் வேண்டும். 'நான் டெய்ரி' (non-dairy, பால் கொழுப்பு இல்லாதது) என்று எழுதின கேக் கிரீம் நன்றாகப் பொங்கும், ஆனால் மேல் அண்ணத்தில் மெழுகு போல ஒட்டும். இந்த ஐஸ்கிரீமுக்கு அது சரிவராது.

கிரீம், பாத்திரம், பீட்டர் மூன்றையும் நன்றாகக் குளிர வையுங்கள். நம் ஊர் வெயிலில் இதைச் செய்யாமல் கிரீம் அடிக்கவே முடியாது. ஒரு பாத்திரத்தில் கண்டன்ஸ்டு மில்க், விழுது, உப்பு, வெனிலாவைக் கலக்குங்கள். கலக்கக் கலக்க அல்வா மாதிரி இறுகும், பதற வேண்டாம். பாலை ஒவ்வொரு கரண்டியாக விட்டால் தோசை மாவுப் பதத்துக்கு இளகும். இன்னொரு பாத்திரத்தில் கிரீமை அடியுங்கள். பீட்டரைத் தூக்கினால் நுனி எழுந்து லேசாக வளைய வேண்டும். அதற்கு மேல் அடித்தால் தயிர் சிலுப்பியது போல வெண்ணெய் திரண்டுவிடும். அடித்த கிரீமில் ஒரு கரண்டியைக் கடலைக் கலவையில் சேர்த்து இளக்கி, மீதியை இரண்டு தவணையாக, அடியிலிருந்து மேலே புரட்டிப் புரட்டிச் சேருங்கள். வேகமாகக் கலக்கினால் காற்று போய்விடும்.

இப்போது ருசி பாருங்கள். இந்த நேரத்தில் இனிப்பும் உப்பும் கொஞ்சம் தூக்கலாகத் தெரிய வேண்டும். உறைந்ததும் இரண்டும் அடங்கும். உப்புத்தான் கடலையின் கடலைத்தனத்தை வெளியே கொண்டுவருகிறது. வறுகடலைக்காரர் பொட்டலத்தில் உப்புத் தூவித் தருவதும் அதனால்தான். போதவில்லை என்று தோன்றினால் இன்னும் ஒரு சிட்டிகை தைரியமாகப் போடுங்கள்.

கோடும் அடுக்கும்

விழுதில் 60 கிராம் எடுத்து, பொடித்த சர்க்கரை இரண்டு டீஸ்பூன், கடலெண்ணெய் ஒரு டீஸ்பூன், ஒரு சிட்டிகை உப்புச் சேர்த்துக் கலக்கினால் கரண்டியிலிருந்து நூலாக ஒழுகும் பதம் வரும். ஒரு லிட்டர் டப்பாவில் கலவையை மூன்றில் ஒரு பங்கு ஊற்றி, மேலே இந்த விழுதைக் கோடு கோடாக விட்டு, துண்டுகளைத் தூவுங்கள். இதையே இன்னும் இரண்டு அடுக்கு. கடைசியில் ஒரு கத்தியைச் செங்குத்தாக இறக்கி எட்டுப் போல ஒரே ஒரு தடவை இழுங்கள். மேலும் இழுத்தால் கோடு கலைந்து எல்லாம் ஒரே நிறமாகிவிடும். ஒரு வாய் பாலேடாகவும் அடுத்த வாய் கடலையாகவும் மாறி மாறி வந்தால்தான் இது திகட்டாமல் இருக்கும்.

மேற்பரப்பில் ஒட்டும்படி பட்டர் பேப்பரை அழுத்தி வைத்து, டப்பாவை மூடி, ஃப்ரீசரின் உட்பக்கமாகத் தள்ளி வையுங்கள். எட்டு மணி நேரம் திறக்காதீர்கள். ஒரே கதவு ஃப்ரிட்ஜ் வைத்திருப்பவர்கள் முந்தின இரவே குளிரை உச்சத்துக்குக் கூட்டி வைப்பது நல்லது. மின்வெட்டு அடிக்கடி வரும் ஊரானால் சின்னச் சின்ன டப்பாக்களாகப் பிரித்து வைக்காமல் ஒரே பெரிய டப்பாவாக வையுங்கள், மெதுவாகத்தான் இளகும்.

கோவில்பட்டிக் கடலை மிட்டாயை உடைத்துப் போடலாமா என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். தாராளமாகப் போடலாம். 2020இல் புவிசார் குறியீடு பெற்ற அந்த மிட்டாயின் வெல்ல மணம் இந்த ஐஸ்கிரீமோடு அவ்வளவு சேரும். ஆனால் வெல்லப்பாகு ஈரத்தை இழுத்துப் பிசுபிசுக்கும், ஆகவே உள்ளே கலந்து உறைய வைக்காமல், பரிமாறும்போது மேலே தூவுங்கள்.

கொடுக்கும் முன் கேளுங்கள்

கடலை ஒவ்வாமை உள்ளவர்களுக்கு மிகச் சிறிய அளவு கூட உயிருக்கு ஆபத்தாகலாம். விருந்தினருக்குப் பரிமாறும் முன், "கடலை ஒத்துக்குமா?" என்று கண்டிப்பாகக் கேட்டுவிடுங்கள். வேறு ஐஸ்கிரீமும் வைத்திருந்தால் அதே கரண்டியை இரண்டிலும் போடாதீர்கள். ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்குத் துண்டு உள்ளதைக் கொடுக்க வேண்டாம், தொண்டையில் அடைத்துக்கொள்ளும். அவர்களுக்காகத் துண்டு போடாமல் ஒரு சின்னக் கிண்ணம் தனியாக உறைய வைத்துவிடலாம்.

சாப்பிடுவது

வீட்டு ஃப்ரீசர் மைனஸ் 18 டிகிரி செல்சியஸ் அளவில் இருக்கும். ஐஸ்கிரீம் ருசிப்பதோ மைனஸ் 12, 13 டிகிரியில். ஆகவே டப்பாவை ஃப்ரீசரிலிருந்து ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டுக்கு மாற்றிப் பத்து நிமிடம் காத்திருங்கள். வெளியே வைப்பதானால் மே மாதச் சென்னையில் மூன்று நிமிடமே அதிகம். கரண்டியை வெந்நீரில் முக்கித் துடைத்து இழுத்தால் சுருண்டு வர வேண்டும். உடைந்து வந்தால் இன்னும் இரண்டு நிமிடம் பொறுங்கள்.

அகலமான பெரிய கிண்ணம் வேண்டாம், இரண்டு உருண்டை போதும். முதல் வாயைக் கடிக்காமல் நாக்கில் வைத்துக் கரைய விடுங்கள். முதலில் இனிப்பு, பிறகு பால், வாய் சூடு ஏற ஏறக் கடைசியாக வறுத்த மணம் மூக்குவழியே மேலே வரும். துண்டு மட்டும் மிஞ்சும்போது கடியுங்கள். இந்த வரிசை பழகிவிட்டால் வேகமாக விழுங்கத் தோன்றாது, நெற்றிப்பொட்டில் சுருக்கென்று வலிப்பதும் இருக்காது.

துணைக்கு என் முதல் தேர்வு காபி டிகாஷன். சர்க்கரை போடாத சூடான திக் டிகாஷனை இரண்டு மேசைக்கரண்டி மேலே ஊற்றி உடனே சாப்பிட வேண்டும். கடலையை வறுக்கும்போதும் காபிக்கொட்டையை வறுக்கும்போதும் பைரசின் என்ற ஒரே வகை வாசனைப் பொருள்கள் உண்டாகின்றன, அதனால்தான் இரண்டும் இப்படி ஒட்டிக்கொள்கின்றன. அடுத்தது வாழைப்பழம். சிறுமலைப்பழம் கிடைத்தால் அதன் லேசான புளிப்பு அடர்த்தியை வெட்டும். ஐஸ்கிரீமே அடர்த்தியாக இருப்பதால் இதற்கு மேல் சாக்லேட் சாஸ் ஊற்றுவதை நான் விரும்புவதில்லை.

இரண்டு வாரத்துக்குள் தீர்த்துவிடுங்கள். எடுத்ததும் பட்டர் பேப்பரைத் திரும்ப அழுத்தி மூடினால் மேலே பனி படியாது. முழுக்க உருகிப்போனதைத் திரும்ப உறைய வைக்காதீர்கள், பனித்துகள் பெரிதாகி நறநறவென்று ஆகிவிடும், உடம்புக்கும் நல்லதல்ல. கிண்ணத்தில் உருகிப்போய் மிஞ்சியதில் குளிர்ந்த பால் ஒரு டம்ளர் ஊற்றிக் கலக்கி அப்போதே குடித்துவிடுங்கள். அடியில் தங்கும் கடலைக்காக ஒரு கரண்டியையும் கையில் எடுத்துக்கொள்ளுங்கள்.